துணிக்கூரை வண்டி

ஐம்பத்தெட்டு வயதில் நான் கூரை திறக்கிற கார் தேடுகிறேன் என்று தெரிந்ததும், வெள்ளானூரில் எங்கள் அடுக்ககத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பொழுது போயிற்று. வாட்ஸப் குழுவில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்ட பொம்மை முகம் அனுப்பினார். இன்னொருவர் படிக்கட்டில் வழிமறித்து, "சார், அடுத்தது தலைக்கு டையா?" என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர்களுடைய முகம் மாறியிருக்கும். அந்த மாறிய முகங்களை இரண்டு வருஷமாகப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

காரணம் என் மனைவிதான். மூடிய காருக்குள் அவளால் உட்கார முடியாது.

அவள் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போய்வந்தாள். போன செப்டம்பரில் முதுகுத்தண்டில் தட்டு விலகியது. ஸ்கூட்டர் கூடாது, ஆட்டோ கூடாது, பஸ் கூடவே கூடாது என்றார் டாக்டர். "காரில் போங்கம்மா, ஒன்றும் ஆகாது" என்று கைகழுவப் போய்விட்டார். மருத்துவ விடுப்பு பொங்கலோடு முடிகிறது. அதற்குள் திரும்பிப் போகவேண்டும், இல்லையென்றால் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தக் கடிதத்தை அவள் நவம்பரிலேயே எழுதி, தேதி மட்டும் போடாமல் பைபிளுக்குள் வைத்திருந்தாள். பொதுத்தேர்வு நெருங்குகிற நேரத்தில் பிள்ளைகளை வேறொருவர் கையில் விட்டுவிட்டு வந்தது அவளைத் தின்றுகொண்டிருந்தது. மாலையில் பிள்ளைகள் போனில் சந்தேகம் கேட்பார்கள். சொல்லிக் கொடுத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு வாடகைக் காரில் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுக் கூட்டிப்போனேன். ஆவடி சாலை வருவதற்கு முன்பே, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கதவைத் திறந்துவிட்டாள். டிரைவர் பயந்து நிறுத்தினார். பிறகு ஒரு நண்பரிடமிருந்து, கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த காரைக் கொண்டுவந்தேன். அதை முழுசாகத் திறந்தும் காட்டினேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலை போகும். தோள் போகாது," என்றாள்.

கணக்கு டீச்சர். அளந்துதான் சொன்னாள். அன்றைக்குத்தான், மேலே முழுக்கத் திறக்கிற வண்டியாக வாங்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு நவம்பரில், அம்பத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு நானும் அவளும் எங்கள் பழைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ரயில்பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. நான் வண்டியை நிறுத்தினேன். எனக்கு முன்னால் இருந்த பஸ் இறங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. பஸ் போயிற்றே, நாமும் போகலாம் என்று முடிவு செய்தேன். இந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு மழைக்கும் போடுகிற கணக்குதான் அது. பஸ்ஸின் உயரம் என்ன, என் வண்டியின் உயரம் என்ன என்று யோசிக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் தர ஆய்வாளராக இருந்தவன் நான். முடியளவு வித்தியாசம் இருந்தாலும் பொருளைத் திருப்பி அனுப்பியவன். அவள் "வேணாங்க" என்று ஒரு தடவை சொன்னாள்.

நடுவில் இன்ஜின் நின்றது. கரண்ட் போய் கண்ணாடிகள் இறங்கவில்லை. தண்ணீர் இருக்கை வரை ஏறியது. அவள் பக்கக் கதவு சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. என் பக்கக் கதவைத் தோளால் முட்டினேன். திறந்தது. இறங்கினேன். நான் இறங்கியதும் தண்ணீர் கதவை அறைந்து சாத்திவிட்டது. அதற்குப் பிறகு என்னால் அதைத் திறக்க முடியவில்லை. மேட்டுக்கு ஓடிக் கத்தினேன். நான்கைந்து பேர் வந்து பின்கண்ணாடியைக் கல்லால் உடைத்து அவளை இழுத்து வெளியே போட்டார்கள். அப்போது தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்திருந்தது.

நான் இறங்கி ஆட்களைக் கூப்பிட்டதால்தான் அவள் பிழைத்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் கதவு திறந்த அந்த ஒரு நொடியில் அவள் கையையும் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டதில்லை. நானாகவும் வாயைத் திறந்ததில்லை. உறவினர்கள் என்னைப் பாராட்டும்போதெல்லாம் அவள் எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

கார் தேட எனக்குத் துணையாக வந்தவர் அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்கள் ஸ்கூட்டருக்கு ஆஸ்தான வைத்தியர். நான் என் பழக்கப்படி ஒரு நோட்டில் கோடு போட்டு, பார்க்கவேண்டியவை என்று நாற்பத்திரண்டு வரி எழுதிக்கொண்டு போனேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கோ."

முதல் வண்டியை அம்பத்தூரிலேயே பார்த்தோம். ரத்தச் சிவப்பு. கண் கூசுகிற பளபளப்பு. ஒரு டாக்டர் வைத்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார் என்றார் தரகர். மெக்கானிக் இன்ஜினைத் திறக்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் போய், கூரை மடிந்து உட்காரும் பள்ளத்தின் மூலையில் விரலை விட்டார். இப்படிப்பட்ட வண்டியில் கூரையில் விழும் மழைத்தண்ணீர் அந்த மூலையில் இருக்கும் துளை வழியாகக் கீழே இறங்கிப் போகவேண்டும். துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் தேங்கும். மேலே எல்லாம் காய்ந்திருக்கும், தரைத் தகடு மட்டும் சத்தமில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அவர் ஒரு கம்பியை விட்டுக் குடைந்து வெளியே எடுத்ததை என் உள்ளங்கையில் வைத்தார். கறுத்துப்போன ரோஜா இதழ்கள், மல்லிகைச் சரத்தின் நார், கொஞ்சம் ஜிகினாத்தூள்.

"டாக்டர் வண்டியாம். கல்யாண வண்டி அண்ணாத்தே இது. மாப்ள ஊர்வலத்துக்கு வாடகைக்கு வுட்டுகினு இருந்திருக்கான். எத்தினி மாப்ள மேல பூ போட்டானுங்களோ, அத்தினியும் இதுக்குள்ளதான் கீது."

பிறகு கூரைத் துணியை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். பூச்சரம் கட்ட ஊக்கு குத்திய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. ஊர்வலத்தில் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. கம்பளத்தைத் தூக்கினேன். ஈரம். தகடு அப்பளமாகக் கையோடு வந்தது. இத்தனை பேர் நல்ல நாளில் உட்கார்ந்து போன வண்டி என்று எனக்கு ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது.

இரண்டாவது வண்டி திருநின்றவூரில், ஏரிக்குப் போகும் வழியில். அது பிறக்கும்போது கூரையோடு பிறந்த வண்டி. யாரோ வெல்டரிடம் கொடுத்துத் தலையை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் மூடிய கார் என்றே இருந்தது. கார் என்றால் கூரையும் சேர்ந்துதான் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அதை எடுத்தால் அடியில் கூடுதல் பலம் கொடுக்கவேண்டும். இதில் அது இல்லை. மெக்கானிக் ஒரு பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். தூக்கியதும் கதவு இறுகிக்கொண்டது. நான் எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை.

திறக்காத கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். விற்கிறவர் ஏதோ விலை குறைக்கிறதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை இறக்கி, "வா அண்ணாத்தே, டீ சாப்ட்டுப் போலாம்" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தார்.

மூன்றாவது காட்டுப்பாக்கத்தில் கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார், அதனால் விற்கிறார். அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உறை போட்டு வைத்திருந்தார். இரண்டு கதவு, கரும்பச்சை நிறம், கறுப்புத் துணிக்கூரை. என் நாற்பத்திரண்டு வரிகளில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். துணியின் மடிப்பில் கிழிசல் இல்லை. பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் கொஞ்சம் மஞ்சள், ஆனால் வெடிப்பு இல்லை. தண்ணீர்த் துளைகளில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றினோம். தடையில்லாமல் சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டியது. ஜாக்கி வைத்துத் தூக்கியும் கதவு வெண்ணெயாகத் திறந்தது.

அன்றைக்குக் கடைசியாகப் பார்த்தது சீட் பெல்ட். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கழுவி, இருக்கை மாற்றி, செண்ட் அடித்து விற்றுவிடுவார்கள். ஆனால் பெல்ட்டை அதன் கடைசி வரை இழுத்து யாரும் கழுவுவதில்லை. சுருண்டு உள்ளே இருக்கும் பாகத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். நான் நான்கு பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. எங்கள் பழைய காரை இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துப் போனார்கள். அதையும் யாராவது துடைத்து விற்றிருப்பார்கள். யாரோ ஒருவர் மனைவியோடு அதில் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்த அந்த வண்டியில் எனக்கு இரண்டு குறைகள் தெரிந்தன. கூரையின் இடது மூலையில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் கொஞ்சம் கெட்டியாகியிருந்தது. அதைவிடப் பெரிதாக, கூரைக்கு மோட்டார் கிடையாது. முன்கண்ணாடியின் மேல் இரண்டு கொக்கிகள். அவற்றைக் கையால் விடுவித்துக் கூரையைத் தள்ளிவிடவேண்டும். முதலில் பார்த்த சிவப்பு வண்டியில் பட்டனைத் தொட்டால் கூரை தானாக மடிந்தது. இது என்ன காலத்து ஏற்பாடு என்று நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் ஒப்பித்தேன். "வண்டி சுத்தமா இருக்கு. ஆனா கூரைக்கு மோட்டார் இல்ல. கையாலதான் தள்ளணும். அதான் யோசிக்கிறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கரண்ட் இல்லாம திறக்குமா?"

"கரண்டே வேணாம். கொக்கிதான்."

"உள்ள இருந்தா, வெளிய இருந்தா?"

"உள்ள இருந்துதான். ஆனா மோட்டார் இருந்தா உன் முதுகுக்கு..."

"வண்டிய இங்க கொண்டுவரச் சொல்லுங்க," என்றாள்.

நான் அப்போதும் மோட்டாரின் சௌகரியத்தைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் பேசினேன். என் மண்டையில் ஏறவே இல்லை. கரண்ட் போய் இறங்காத கண்ணாடிக்கு உள்பக்கம் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தவள் அவள். நாற்பத்திரண்டு கேள்வி எழுதிய எனக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லை.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த நேரத்துக்கு, அந்த இளைஞரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கும் வந்திருந்தார். என் மனைவி இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கூரை மடித்து வைத்திருந்தது. பயணி இருக்கையில் மெதுவாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மேலே வானத்தைப் பார்த்தாள். அந்தத் தெருவில் ஒரு சுற்று ஓட்டினேன். அவள் கதவைத் தொடவில்லை. அவள் அழுவாளோ என்று பயந்தேன், அழவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும், "தண்ணி டெஸ்ட் இன்னும் பண்ணலியே," என்றேன். கூரையை மூடி, மேலே குழாய்த் தண்ணீரை அடித்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கவேண்டும். கடைசி வரி அது. செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மெக்கானிக் இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே உட்காரப் போவது நான்தான் என்று நினைத்து, "நீ இறங்கி நில்லு," என்றேன்.

"நீங்க இறங்குங்க. நான் உள்ள இருக்கேன்."

"எதுக்கு? வேணாம்."

"கூரைய மூடச் சொல்லுங்க."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நான் வேணா குந்திக்கிறேன். உங்களுக்கு எதுக்கு செரமம்?"

"கொக்கிய எப்படி விடுவிக்கிறதுன்னு மட்டும் காட்டுங்க தம்பி."

அவர் இரண்டு தடவை காட்டினார். கொக்கியைக் கீழே இழுத்து, உள்ளங்கைகளால் ஒரு சாண் மேலே தள்ளினால் போதும், மீதியை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும் என்றார். அவள் தலையாட்டினாள். கூரை மூடியது. கதவுக் கண்ணாடிகளை அவளே ஏற்றினாள். பிறகு கண்ணாடிக்கு உள்ளேயிருந்து, தண்ணீர்க் குழாயை என்னிடம் கொடுக்கும்படி மெக்கானிக்குக் கை காட்டினாள்.

நான் தண்ணீர் அடித்தேன். துணியின் மேல் விழுந்த தண்ணீர் அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியெல்லாம் வழிந்து அவள் உருவம் கலங்கியது. நான் வெளியே, அவள் உள்ளே, நடுவில் தண்ணீர். குழாயைத் திருப்பப் போனேன். அவள் என்னைப் பார்க்காமலே, வேண்டாம் என்று தலையசைத்தாள். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். உதடுகள் அசைந்தன. ஜெபமா, எண்ணிக்கையா, தெரியவில்லை. அந்த இளைஞர் என் பக்கத்தில் வந்து, "சார், அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைங்களே?" என்று கேட்டார். நான் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவள் கையை உயர்த்தினாள். இடது கொக்கி. வலது கொக்கி வரவில்லை. மறுபடியும் இழுத்தாள். வந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் மேலே வைத்துத் தள்ளினாள். முகம் வலியில் சுருங்கியது. கூரை ஒரு சாண் எழும்பி, ஒரு கணம் நின்று, அப்படியே பின்னால் மடிந்து விழுந்தது. நான் குழாயைத் திருப்ப மறந்து நின்றேன். தண்ணீர் அவள் தலையிலும் மடியிலும் கைப்பையிலும் கொட்டியது.

மெக்கானிக் ஓடிப்போய்க் குழாயை மூடினார். இளைஞர் துண்டு கேட்டு மாடிக்கு ஓடினார். அவள் முகத்தை வழித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, "இடது மூலையில ஒழுகுது. ரப்பர் மாத்தணும்னு எழுதிக்கோங்க," என்றாள்.

"இதுக்கு எதுக்கு நீ உள்ள உக்காரணும்? நான் பாத்திருக்க மாட்டேனா?" எனக்குக் கோபமாக வந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"ஒழுகுதான்னு பாக்க உக்காரல. நீங்க வெளிய நிக்கும்போது என்னால திறக்க முடியுதான்னு பாத்தேன்."

அவள் அதை யாரையும் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுகிற குரலில்தான் சொன்னாள். நான் ஈரமான கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். இரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"அன்னிக்கு ஆளக் கூப்பிடறதுக்காக நான் இறங்கல. பயந்துட்டேன். இறங்கும்போது உன் நெனப்பே எனக்கு இல்ல."

"தெரியும்," என்றாள். "நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

ஈரச் சேலையின் முந்தானையைப் பிழிந்து கதவுக்கு வெளியே விட்டாள். இளைஞர் துண்டோடு வந்துகொண்டிருந்தார். அவர் நெருங்குவதற்குள், தணிந்த குரலில், "வாங்கிடலாங்க," என்றாள்.